சங்கமும் கழகமும்: சேலம் வட்டார வழக்கை முன்வைத்து ஒரு விசாரணை

பலர் ஒரு காரியத்தின் பொருட்டுக் கூடி, நியதி வகுத்துக்கொண்டு இயங்கும் ஸ்தாபனத்தைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொற்களுள் சங்கம், கழகம் என்னும் இரண்டும் தலையாயவை. முன்னது வடசொல், பின்னது தென்சொல் என்பதன்றி இவற்றிடையே பொருள் வேற்றுமை இல்லையென்பது கற்றோர் பலரின் அபிப்பிராயம். ஆனால், சேலம் நகரத்து அஸ்தம்பட்டியிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் ஜனங்கள் அன்றாடம் பேசும் பேச்சைக் கூர்ந்து கேட்போர்க்கு அவ்வபிப்பிராயம் நிலைபெறாது என்பது புலனாகும். ஸ்தாபனத்தைச் சுட்டும் பெயரின் அர்த்தத்தை நிச்சயிப்பது அதனோடு அங்கத்தினனுக்கு உள்ள சம்பந்தமே என்பது இக்கட்டுரையின் துணிபு.

கழகம் என்னும் சொல்லின் பூர்வ சரித்திரம் இதற்கு முதற் சான்று. திருக்குறளின் சூது அதிகாரத்தில் அது சூதாடும் இடம். கம்பராமாயண நாட்டுப்படலத்திலோ இளைஞர் கலை பயிலும் இடம். 1920இல் சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகம் தோன்றிய காலத்தில், அச்சொல்லைக் கேட்டுச் சூதாட்டத்தை நினைத்தவர் எவரும் இரார். கூடுவோர் செய்யும் தொழில் மாற, சொல்லின் மதிப்பும் மாறியது.

இரண்டாம் சான்று சேலம் நகரத்திலேயே உண்டு. 1916இல் தோன்றி, நீதிக்கட்சி என்று வழங்கப்பட்ட தென்னிந்திய நல உரிமைச் சங்கம், 1944 ஆகஸ்டு 27இல் சேலத்தில் கூடிய மாநாட்டில் திராவிடர் கழகம் என்று பெயர் பெற்றது. தனித்தமிழ்ப் பற்றே இதற்குக் காரணம் என்பார் உளர். அது மட்டுமே காரணமாயின், வடமொழி வழி வந்த வடிவமாகிய ‘திராவிடர்’ என்பது அப்பெயரின் முற்பகுதியில் நின்றிராது. சர்க்கார் அளித்த ராவ்பகதூர் முதலிய பட்டங்களைத் துறக்க வேண்டும் என்னும் அண்ணாதுரையின் தீர்மானம் நிறைவேறியதும் அதே மாநாட்டில்தான். பிரமுகர்களின் சபையாய் இருந்தது கொள்கைவாதிகளின் இயக்கமாய் மாறுகையில், அம்மாறுதலை உணர்த்தவே சங்கம் போய்க் கழகம் வந்தது. 1949இல் அதினின்றும் திராவிட முன்னேற்றக் கழகம் பிரிந்தபோதும் அச்சொல் கைவிடப்படவில்லை. இன்று இவ்வட்டாரத்தில் ‘அவர் கழகத்துக்காரர்’ என்றால் கட்சிக்காரர் என்பதே பொருள். எந்தக் கழகம் என்பது அடுத்த கேள்வி.

சங்கமோ ஜீவனத்தோடு ஒட்டிய சொல்லாய் நிலைத்துவிட்டது. சேலம், நாமக்கல் பக்கத்துக் கிராமங்களில் விடியற்காலையில் கறவை முடித்த குடியானவர், ‘சங்கத்துக்குப் பால் ஊத்திட்டு வந்தர்றேன்’ என்று சொல்லிக் கேனைத் தூக்கிக்கொண்டு புறப்படுகிறார். அங்கே பாலை அளந்து, தரம் பார்த்து, பாஸ் புத்தகத்தில் எழுதிக்கொடுக்கிறார்கள். பட்டுவாடா நாளில் கணக்குப் பார்த்துப் பணம் கைக்கு வருகிறது. கூட்டுறவில் சேர்ந்த கைத்தறி நெசவாளரும் அவ்வண்ணமே ‘சங்கத்தில்’ நூல் வாங்கிப் பாவு போட்டு, நெய்ததைச் சங்கத்திலேயே கொடுத்துக் கூலி பெறுகிறார். இவ்விடங்களில் கழகம் என்று சொன்னால் ஒருவருக்கும் விளங்காது. பங்கும் பற்றுவரவும் உள்ள இடம் சங்கம். பற்றும் கொள்கையும் உள்ள இடம் கழகம்.

போக்குவரத்துக் கழகம், பல்கலைக்கழகம், பெற்றோர் ஆசிரியர் கழகம் என்பனவற்றில் கொள்கைப் பற்று எங்கே என்று ஆட்சேபிக்கலாம். நியாயமான ஆட்சேபமே, ஆயினும் அவை பலகையிலும் முத்திரையிலும் வாழும் பெயர்கள். அஸ்தம்பட்டி ரவுண்டானாவில் நிற்பவர் எதிர்பார்ப்பது ‘கவர்மெண்ட் பஸ்’ஸைத்தான்; மாணவர் போவது ‘யுனிவர்சிட்டி’க்கு; பள்ளிக்கூடத்தில் கூடுவது ‘பி.டி.ஏ.’ மீட்டிங். சர்க்கார் சூட்டிய பெயரை ஜனங்கள் நாவில் ஏற்காமை, மேற்சொன்ன பாகுபாட்டை உறுதிப்படுத்துகிறதேயன்றிக் குலைக்கவில்லை.

ஆகவே, இவ்விரு சொற்களையும் ஒருபொருட் பன்மொழியென்று கொள்வது பிழை. இனி அகராதி தொகுப்போர் இலக்கியப் பிரயோகங்களோடு பால் சங்கத்து வாசலிலும் தறிக்கூடத்திலும் வழங்கும் பிரயோகங்களையும் ஜில்லா வாரியாகத் திரட்டி, சங்கத்துக்கும் கழகத்துக்கும் தனித்தனி விளக்கம் எழுதுதல் வேண்டும்.