சாம்பிராணியின் சொந்த ஊர்

வெள்ளிக்கிழமை மாலையில் தேக்கா பக்கம் போகிறவர்களுக்கு வாசனைதான் முதலில் வந்து சேரும். கடை அப்புறம்தான் கண்ணில் படும். மல்லிகைச் சரமும் அரைத்த மசாலாவும் கலந்த அந்த வாசனைக்கு அடியில் சாம்பிராணிப் புகை நிற்கும். கல்லாப்பெட்டிக்கு ஒரு சுற்று, வாசலுக்கு ஒரு சுற்று காட்டிவிட்டுத்தான் சில கடைக்காரர்களுக்கு மாலை வியாபாரம் தொடங்கும். வீடுகளில் செவ்வாயும் வெள்ளியும். குளிப்பாட்டிய கைக்குழந்தைக்கு, எண்ணெய் தேய்த்து முழுகிய தலைக்கு, புதிதாகக் குடிபோன வீட்டுக்கு என்று அதற்கு வேளைகள் உண்டு. கண்ணேறு கழியும், வீட்டிலுள்ள கெட்டது போகும் என்பார்கள் பெரியவர்கள்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? கேட்டால், "ஊரிலிருந்து தாத்தா பாட்டி கொண்டு வந்தது" என்று பதில் வரும். பழக்கத்தைப் பொறுத்தவரை அது சரி. பொருளைப் பொறுத்தவரை கதை தலைகீழ். சாம்பிராணி தரும் மரம் தமிழ்நாட்டு மரம் அல்ல. சிங்கப்பூருக்கு அக்கரையில் இருக்கும் சுமத்ராவின் மலைக்காடுகளில் வளர்வது. அதன் பட்டையைக் கீறிவிட்டால் பால் கசியும். சில மாதங்களில் அது இறுகிக் கட்டியானதும் சுரண்டி எடுப்பார்கள். மலாய்க்காரர்கள் அதைக் கெமெஞான் என்கிறார்கள்.

சாம்பிராணி வருவதற்கு முன் தமிழர்கள் புகை போடாமல் இருந்தார்களா என்றால் இல்லை. சங்கப் பாடல்களில் பெண்கள் கூந்தலுக்கு அகில் புகை ஊட்டுகிறார்கள். கோயிலில் குங்கிலியம் மணந்தது. திருக்கடவூர்க் குங்கிலியக்கலய நாயனார் கதையைப் பெரியபுராணம் படித்தவர்கள் மறக்க மாட்டார்கள். பட்டினி கிடந்த பிள்ளைகளுக்கு நெல் வாங்கி வரச் சொல்லி மனைவி தாலியைக் கழற்றிக் கொடுக்கிறார், வழியில் குங்கிலிய மூட்டையோடு ஒரு வணிகன் வருகிறான், தாலி குங்கிலியமாகிவிடுகிறது. அடியார் பக்தி ஒருபுறம் இருக்கட்டும். வீட்டில் காத்திருந்த அந்த அம்மாவை நினைத்தால் இன்றைக்கும் மனம் சங்கடப்படுகிறது.

சுமத்ராவின் வாசனைப் பொருளைத் தேடித் தமிழ் வணிகர்கள் கடல் தாண்டிப் போனதற்குக் கல்லிலேயே சாட்சி இருக்கிறது. அத்தீவின் மேற்குக் கரையில் பாரூஸ் என்ற பழைய துறைமுகம் உண்டு. அதை அடுத்த லோபு துவா என்ற இடத்தில் 1873இல் ஒரு தமிழ்க் கல்வெட்டு கண்டெடுக்கப்பட்டது. அதன் காலம் 1088. அதாவது ராஜேந்திர சோழனின் கடாரப் படையெடுப்புக்கு அறுபத்து சொச்சம் ஆண்டுகள் பின்பு. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் அங்கே கூடி, கப்பலில் வருவோர் கஸ்தூரி விலையை ஒட்டிப் பொன் செலுத்த வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். நீலகண்ட சாஸ்திரியார் 1932இல் இதைப் பற்றி எழுதினார், பின்னர் எ. சுப்பராயலு மறுபடி வாசித்து விளக்கினார். பாரூஸின் பெயரைப் பரப்பியவை கற்பூரமும் சாம்பிராணியும்தான். இன்றும் மலாயிலும் இந்தோனேசிய மொழியிலும் அந்துருண்டைக்குக் 'காப்பூர் பாரூஸ்' என்று பெயர். பெரிய துறைமுகத்தின் பெயர் கடைசியில் துணி அலமாரிக்குள் வந்து ஒதுங்கிவிட்டது!

சாம்பிராணியின் பெயரும் ஊர் சுற்றியது. அரபு வணிகர்கள் அதை 'லுபான் ஜாவி', அதாவது ஜாவாக் குந்திரிக்கம் என்றார்கள். அவர்களுக்குச் சுமத்ராவும் ஜாவாதான். ஐரோப்பியர் வாயில் அது தேய்ந்து பென்சாயின் ஆனது. அதிலிருந்து எடுத்த அமிலம் பென்சாயிக் அமிலம். அந்த வழியில்தான் 19ஆம் நூற்றாண்டு வேதியியலில் பென்சீன் என்ற பெயரும் பிறந்தது. தமிழிலோ எதிர்த்திசையில் நடந்தது. சாம்பிராணி என்ற சொல் மற்ற வாசனைப் பிசின்களையும் விழுங்கியது. ஞானிகள் குழந்தை இயேசுவுக்குக் கொடுத்தது அரபு நாட்டுக் குந்திரிக்கம். தமிழ் விவிலியப் பொது மொழிபெயர்ப்பில் அது சாம்பிராணி.

1819இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூரை வணிகத் துறைமுகமாக்கிய பிறகு, சுமத்ராச் சாம்பிராணி இங்கே வந்து இறங்கி இந்தியாவுக்கும் மற்ற நாடுகளுக்கும் கப்பலேறியது. அதே காலத்தில் தமிழர்கள் எதிர்த்திசையிலிருந்து வந்து இறங்கினார்கள். நாராயண பிள்ளை முன்னின்று 1827இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோயில் எழுந்தது. தெலுக் ஆயர் வீதியில் நாகூர் தர்கா 1830க்குள் கட்டப்பட்டது. ஓஃபிர் சாலையில் தமிழ்க் கத்தோலிக்கருக்கென லூர்து மாதா தேவாலயம் 1888இல் வந்தது. மூன்று மரபிலும் தூபம் உண்டு. தமிழ்நாட்டுக் கடைத்தெருக்களில் மயிற்பீலி விசிறியோடு இந்துக் கடைகளுக்கும் சாம்பிராணி போட்டுப் போகும் பக்கிரியை நினைவிருப்பவர்களுக்கு இது புதிதல்ல.

கம்பத்து வீட்டில் புகை போடுவது ஒரு வேலையே இல்லை. அடுப்பில் கரி இருக்கும். இரண்டு கங்கை எடுத்துத் தூபக்காலில் போட்டால் முடிந்தது. 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அமைந்து குடும்பங்கள் அடுக்குமாடிக்குப் போனபோது அடுப்பு எரிவாயுவுக்கு மாறியது, கங்கு போயிற்று. அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டவைதான் தீக்குச்சி உரசினால் போதும் என்ற 'கம்ப்யூட்டர் சாம்பிராணி'யும் 'கப் சாம்பிராணி'யும். கரித்தூளும் மரத்தூளும் செயற்கை மணமும் சேர்ந்த இவற்றில் அசல் பிசின் எவ்வளவு என்று கேட்காமல் இருப்பது நல்லது.

2018 ஜூன் முதல் புதிய வீடுகளில் தீ எச்சரிக்கைக் கருவி கட்டாயம். அது வெள்ளிக்கிழமை பார்த்துக் கூவாது. அதைவிட முக்கியமானது உடல்நலம். சிங்கப்பூர்ச் சீனர்கள் 61,000க்கும் மேற்பட்டோரை ஆண்டுக்கணக்கில் கவனித்து 2008இல் வெளிவந்த ஆய்வு, நெடுங்காலம் வீட்டில் ஊதுபத்திப் புகையில் இருந்தவர்களுக்கு மூக்கு, வாய், குரல்வளைப் பகுதிகளில் சில வகைப் புற்றுநோய்கள் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. அது ஊதுபத்தியைப் பற்றியது. ஆனால் மூடிய அறையில் எந்தப் புகையும் புகைதான். ஆஸ்துமா உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு புகை போடுவது எந்தச் சாத்திரத்திலும் இல்லை.

இப்போது மேல்நாட்டிலிருந்து வெள்ளை சேஜ் என்ற இலைக்கட்டும் வீட்டைச் சுத்தி செய்ய விலைக்கு வருகிறது. அது தெற்குக் கலிஃபோர்னியப் பகுதிச் செடி. அங்குள்ள பூர்வகுடிகளுக்குப் புனிதமானது. உலகம் முழுவதும் வாங்க ஆரம்பித்ததும் காட்டில் அதைத் திருடி அறுக்கிறார்கள்.

சாம்பிராணிக்கும் இப்படி ஒரு வழக்கு உண்டு. வட சுமத்ராவில் பண்டுமான், சிபிதுஹுதா என்ற பாத்தாக் கிராமங்களின் பிழைப்பே சாம்பிராணிக் காடுதான். ஒரு பெண்ணின் கண்ணீர்தான் அந்தப் பிசின் என்று அவர்களிடம் பழங்கதை இருக்கிறது. காகிதக்கூழ் மரம் நடுவதற்காக 2009இல் காட்டை வெட்டத் தொடங்கியதும் ஊரே எதிர்த்து நின்றது. பெண்கள் முன்வரிசையில் நின்றார்கள். 2016 டிசம்பரில் இந்தோனேசிய அரசு 5,000 ஹெக்டருக்கு மேற்பட்ட காட்டை அவர்களது மரபுக் காடாக ஒதுக்க முன்வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் சுமத்ராவில் எரிந்த காட்டின் புகைமூட்டத்தால் சிங்கப்பூரில் ஒருநாள் பள்ளிகளை மூட வேண்டி வந்தது.