கரிய கோடு உதிரும்போது: காளத்திச் சீலைகளும் சீனப் பட்டோவியங்களும்

திருக்காளத்தியின் பழைய சித்திரச் சீலைகளில் முதலில் அழிவது வண்ணம் அன்று, கோடு. சிவப்பு ஓரளவு மங்கியும் மஞ்சள் வெளுத்தும் எஞ்சியிருக்க, உருவங்களின் புறக்கோடு இருந்த இடத்தில் துணி பொடிந்து, கோட்டின் வடிவிலேயே நீண்ட வெடிப்பு விழுந்திருக்கும். இராமனின் வில் நாண், சீதையின் கண்ணிமை, பத்திகளுக்குக் கீழே ஓடும் தெலுங்கு விளக்க வரிகள் என, எவை கருமையால் எழுதப்பட்டனவோ அவையே முதலில் மறைகின்றன. பூச்சியும் ஈரமும் புகையும் எல்லாத் துணிகளுக்கும் பொதுவான பகை. இந்தச் சேதமோ, சீலை எழுதப்பட்ட அன்றே அதனுள் வைக்கப்பட்டது.

அதன் காரணம் செய்முறையில் உள்ளது. பருத்தித் துணியைக் கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்த நீரில் நனைத்து உலர்த்துவர். பாலின் கொழுப்பு மை பரவாமல் தடுக்கும்; கடுக்காயின் துவர்ப்பு மையைப் பற்றிக்கொள்ளும். புளியங்குச்சிக் கரியால் உருவரை இட்டு, நுனியில் கம்பளியோ துணியோ சுற்றிய மூங்கில் கலத்தால் அதன்மேல் எழுதுவர். துருப்பிடித்த இரும்பும் வெல்லமும் நீரும் சேர்ந்து பல நாள் புளித்த 'கசிமி' என்னும் கரைசலே மை. அது துணியில் படும்போது ஏறக்குறைய நிறமற்றது. கடுக்காயின் துவர்ப்புடன் கூடிய பின்னரே கருக்கிறது. சிவப்பு வேண்டிய இடங்களில் படிகாரக் கரைசல் பூசப்படும்; பொன்முகலி ஆற்றின் ஓடும் நீரில் அலசிய பின், மஞ்சிட்டி முதலிய சாயப்பொருள்களோடு கொதிக்க வைக்கப்படும். ஆகவே கருப்பும் சிவப்பும் துணியின் மேல் பூசப்பட்ட வண்ணங்கள் அல்ல. இழையோடு வேதிவினையால் பிணைந்தவை. அவற்றின் கெட்டித்தன்மைக்குக் காரணம் அந்தப் பிணைப்பே.

ஆனால் வினையில் ஈடுபடாது எஞ்சிய இரும்பு அயனிகள் ஓய்ந்திருப்பதில்லை. காற்றும் ஈரமும் உள்ள இடத்தில் அவை பருத்தியின் செல்லுலோசைத் தொடர்ந்து ஆக்சிஜனேற்றம் செய்கின்றன. கரைசலின் அமிலத்தன்மை அதன் நெடுஞ்சங்கிலிகளைத் துண்டிக்கிறது. ஐரோப்பியக் கையெழுத்துப் படிகளில் இரும்பு மை தாளைத் துளைப்பதும் இதே வினைதான்.

இதன் எதிர்முனையில் சீனத்தின் நிலக்காட்சிப் பட்டோவியம் நிற்கிறது. அதன் மை, பைன் மரப் புகைக்கரியை விலங்குப் பசையோடு பிசைந்து செய்த கட்டியை உரைத்து எடுக்கப்படுவது. கரி வினைபுரியாப் பொருள். ஆயிரம் ஆண்டுகள் கழிந்தாலும் தான் அமர்ந்த இழையைத் தின்னாது. அங்கே முதலில் தளர்வது பட்டுதான். அது பழுத்துப் பழுப்பேறுகிறது. சுருட்டி விரிக்கும்தோறும் குறுக்கே மடிப்புக் கீறல் விழுகிறது. மலைகளுக்குரிய செம்புக் கனிமங்களின் பச்சையும் நீலமும் பசை வலுவிழந்து துகளாய் உதிர்கின்றன.

எனவே சீன மரபின் செப்பனிடுநர் நீரை மருந்தாகக் கொள்கிறார். முதலில் கனிம வண்ணங்களுக்கு நீர்த்த பசையிட்டு அவற்றை நிலைப்படுத்துகிறார். பின் ஓவியத்தை மேசையில் விரித்து, நீரால் நனைத்து, அழுக்கை ஒற்றி எடுக்கிறார். கோதுமை மாப்பசையால் ஒட்டிய பழைய பின்தாள்களை அங்குலம் அங்குலமாக உரிக்கிறார். ஓவியத்தை நேரே தாங்கும் உட்தாளுக்கு அம்மரபில் 'உயிர்த்தாள்' என்ற பொருளில் பெயர். அதை உரிக்கும் நாழிகையே மிக அபாயமானது. துளைகளைப் பின்புறமிருந்து, ஒத்த நெசவுடைய பட்டால் நிரப்பி, கீறல்களுக்குப் பின்னே மெல்லிய தாள் கீற்றுகளை ஒட்டி, புதிய தாளேற்றிப் பலகையில் உலர்த்துகிறார். மிங் காலத்தின் இறுதியில் சோ ஜியாசோ இக்கலைக்கு ஒரு நூலே எழுதினார். பழுதுற்ற ஓவியத்தை நோயாளியாகவும் செப்பனிடுநரை மருத்துவராகவும் அவர் காண்கிறார். மருத்துவர் தேர்ந்தவரல்லர் எனில் நோயாளியைத் தொடாதிருப்பதே நலம் என்பது அவர் கருத்து.

இந்த முறையைக் காளத்திச் சீலைக்கு அப்படியே கொண்டுவர இயலாது. நீர் பட்டால் இரும்பு அயனிகள் கோட்டை விட்டு நகர்ந்து, இதுவரை நலமாயிருந்த துணியையும் பற்றும். கடைசியில் தீட்டப்பட்ட மஞ்சள் கரையக்கூடும். தாளுக்குப் பயன்படும் கால்சியம் பைட்டேட் சிகிச்சையும் நீர்வழிப்பட்டதே. ஆதலால் அருங்காட்சியகங்களில் பேணுநர்கள் பெரும்பாலும் ஊசியை நாடுகின்றனர்: சாயமேற்றிய பருத்தித் துணியைப் பின்னே தாங்கலாக வைத்து, நுண்ணிய பட்டிழையால் தைத்து, தேவையான இடத்தில் மேலே மெல்லிய வலை இடுகின்றனர். அதன் பின் மங்கிய ஒளி, நிலையான ஈரப்பதம், அகன்ற உருளையில் சுற்றிய இருப்பு. இது குணப்படுத்துதல் அன்று; அழிவின் வேகத்தைக் குறைத்தல் மட்டுமே.

இங்கு மறவாதிருக்க வேண்டிய ஒன்று: இச்சீலைகளை எழுதியவர்களும் எழுதுவித்தவர்களும் அவற்றை இவ்வாறு காக்க எண்ணியவர்கள் அல்லர். கோயிலின் திரையாகவும் தேரின் அலங்காரமாகவும் தொங்கிய சீலை எண்ணெய்ப் புகையில் கருத்தால், புதியது எழுதப்பட்டது. புதுப்பித்தல் என்பது பொருளைச் செப்பனிடுவதன்று, மீண்டும் எழுதுவதே. பழைய சீலைகள் பிறந்த ஊரில் அரிதாகவும் தொலைவிலுள்ள அருங்காட்சியகங்களில் கூடுதலாகவும் காணப்படுவதற்கு இவ்வழக்கமும் ஒரு காரணம் எனக் கொள்ளலாம். 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை காளத்தி வட ஆர்க்காட்டைச் சேர்ந்தது. 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. ஒரே ஊரின் சீலைக்கு அட்டவணைகளில் வெவ்வேறு மாவட்டப் பெயர்கள் வரக்கூடும் என்பதைத் தேடுவோர் நினைவிற் கொள்வது நல்லது.

மீண்டும் எழுதும் வழக்கத்துக்குக் கை வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அந்தக் கையே அருகிப்போயிற்று. ஆதரித்த கோயில்களும் நிலக்கிழார்களும் தளர, எழுதத் தெரிந்தோர் மிகச் சிலராயினர். கமலாதேவி சட்டோபாத்யாயாவின் முயற்சியால் 1950களின் இறுதியில் காளத்தியில் பயிற்சி மையம் அமைந்தது. ஜொன்னலகட்டா லட்சுமையா போன்ற மூத்தோர் அங்கே கற்பித்தனர். அவர் மகன் குரப்ப செட்டிக்கு 2008இல் பத்மஸ்ரீ கிடைத்தது. காளத்திச் சீலையைப் பொறுத்தவரை நடந்த பெரிய மீட்புப்பணி இதுவே; ஆயினும் ஓவியப் பேணல் வரலாறுகளில் இதற்கு இடமில்லை. தொழில் வளர்ச்சித் திட்டம் என்னும் தலைப்பில் அது ஒதுங்கிவிடுகிறது.

ஆயினும் மீண்டும் எழுதுவது எல்லாவற்றையும் மீட்காது. காதையின் காட்சியைத் தேர்ந்த கை மறுபடி வரையும். ஆனால் ஒரு குறிப்பிட்ட சீலையில், ஒரு குறிப்பிட்ட எழுத்தர், தம் வட்டார வழக்கின் பிழையோடும் அழகோடும் எழுதிய விளக்க வரி உதிர்ந்துவிட்டால், அதை எந்தக் கையும் திருப்பித் தராது. இப்பணியில் ஊசிக்கு முன்னதாக வரவேண்டியவர் பழந்தெலுங்கு எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர். அகச்சிவப்பு ஒளியில் கரி மை துலங்கும். சீன ஓவியங்களுக்கு அது உதவுகிறது. இரும்பு மையோ அவ்வொளியில் வெளிறி மறையும். புற ஊதா ஒளியிலேயே, மங்கிய வரியும் இருண்டு தெரியும். துணி இன்னும் எழுத்தைத் தாங்கி நிற்கும்போதே, அவ்வொளியை இயன்ற அளவு குறுகிய நேரம் செலுத்திப் படமெடுத்து, வரி வரியாகப் படியெடுக்க வேண்டும். தாங்கல் துணியைத் தைப்பது அதற்குப் பிறகு.