ஆழம் பார்த்தவர்கள்

எர்ஸ்கின் சில்டர்ஸின் 'மணல்திட்டுகளின் புதிர்' (1903) என்ற ஆங்கில நாவலை உளவுக் கதைகளின் அலமாரியில் செருகிவிட்டுப் பெரும்பாலான விமர்சகர்கள் கை கழுவிக்கொண்டார்கள். உளவு நாவல்களின் முன்னோடி. ஜெர்மானியப் படையெடுப்பு பற்றி இங்கிலாந்தை எச்சரித்த புத்தகம். இரண்டு லேபில்கள், விஷயம் முடிந்தது. எனக்கு அது அடிப்படையில் ஒரு விடுமுறைப் புத்தகமாகவே படுகிறது. சதி, வில்லன், காதல் எல்லாம் ஒட்டவைத்தவை. காதல் ரொம்பவும் மோசமாக ஒட்டியிருக்கிறது. தானாக முளைத்திருப்பவை படகும் சேறும் ஓதமும்தான்.

சில்டர்ஸ் லண்டனில் காமன்ஸ் சபைக் குமாஸ்தா. 1897 ஆகஸ்டில், 'விக்ஸன்' என்ற முப்பதடிப் பாய்ப்படகில் கடல் கடந்து, ஃப்ரீஸியத் தீவுகளை ஒட்டி, கீல் கால்வாய் வழியே பால்டிக்வரை போய், அதே கரையோரம் திரும்பினார். பயணத்தின் ஒரு பகுதியில் சகோதரர் ஹென்றி கூட இருந்தார். படகுக் குறிப்பேட்டில் காற்று, தண்ணீரின் ஆழம், நங்கூரமிட்ட இடம் என்று எழுதிவந்தார். நாவலின் பாதி இந்தக் குறிப்பேட்டிலிருந்து வந்தது. நாவலில் வரும் வெளியுறவு இலாகா அதிகாரி காரதர்ஸ், சிப்பந்திகளுடன் சொகுசுப் படகு காத்திருக்கும் என்று நம்பிப் போகிறான். நண்பன் டேவிஸ் அவனை வாங்கிவரச் சொன்ன சாமான்களிலேயே சங்கதி தெரிந்திருக்க வேண்டும்: அடுப்பு, திசைகாட்டி, புகையிலை. படகில் பெட்டியை இறக்கக்கூட வழியில்லை. இந்தப் பக்கங்களில் சில்டர்ஸ் ஒரு முதல்தர நகைச்சுவை எழுத்தாளர்.

ஹாலந்திலிருந்து ஜெர்மனிவரை நீளும் இந்தத் தீவுகளுக்கும் நிலத்துக்கும் இடையிலுள்ள கடல் நாளுக்கு இரண்டு முறை வற்றி, மைல் கணக்கில் மணலும் சேறுமாகிவிடும். சென்னைக் கரையில் ஓதம் ஒரு மீட்டர் ஏறி இறங்கினால் அதிகம். அங்கே இரண்டு, மூன்று மீட்டர். வற்றின பிறகும் மணல்திட்டுகளுக்கு நடுவில் வாய்க்கால்கள் மிஞ்சும். புயலடித்தால் இடம் மாறும். அச்சிட்ட வரைபடம் அங்கே பாதிப் பொய். கழியை விட்டு ஆழம் பார்த்தபடி, கடிகாரத்தைப் பார்த்தபடி போக வேண்டும். நாவலின் சிறந்த அத்தியாயத்தில் இருவரும் அடர்ந்த பனிமூட்டத்தில், எதுவும் கண்ணுக்குத் தெரியாமல், சிறு தோணியைத் துடுப்புப் போட்டுக்கொண்டு மெம்மெர்ட் என்ற மணல் தீவைத் தேடிப் போகிறார்கள். ஒருவன் துடுப்பு வலிக்க, மற்றவன் கழியின் நுனியில் கடலைப் படிக்கிறான். 'கண்ணால் பார்ப்பது' என்ற சொல்லை நாம் இலக்கியத்தில் எத்தனை அலட்சியமாகப் பயன்படுத்துகிறோம் என்று இந்த இடத்தில் எனக்கு உறைத்தது.

'தூய அநுபவம்' ஒரு பக்கம், 'சார்புநிலை' ஒரு பக்கம் என்று கோடு கிழித்து உட்கார்ந்து பேசுகிற நம் வட்டத்து நண்பர்களுக்காகவே மீதிக் கதையைச் சொல்கிறேன். விடுமுறையில் கற்ற இந்த ஆழம் பார்க்கும் வித்தை விடுமுறையோடு நிற்கவில்லை.

1910-ல் பிராண்டன், ட்ரெஞ்ச் என்ற இரண்டு பிரிட்டிஷ் அதிகாரிகள் சுற்றுலாப் பயணிகளாக இதே கரையில் திரிந்து, கோட்டைகளைக் குறித்துக்கொண்டு, பிடிபட்டார்கள். லைப்சிக் நீதிமன்றம் இருவருக்கும் நான்காண்டுக் கோட்டைச் சிறை விதித்தது. 1913-ல் மன்னிப்புக் கிடைத்தது. நாவலைப் படித்ததுண்டா என்று விசாரணையில் கேட்டபோது, மூன்று முறை படித்ததாகப் பிராண்டன் சொன்னார். நம்மில் யாருக்கு அப்படிப்பட்ட வாசகர் கிடைத்திருக்கிறார்!

அடுத்தது இன்னும் விசித்திரம். தென்னாப்பிரிக்காவில் போயர்களுக்கெதிராகச் சண்டையிட்ட சில்டர்ஸ், ஏகாதிபத்தியத்தில் நம்பிக்கை இழந்து அயர்லாந்தின் சுயாட்சிக் கட்சிக்கு வந்து சேர்ந்திருந்தார். 1904-ல் பாஸ்டனைச் சேர்ந்த மாலியை மணந்தார். மாமனார் அளித்த திருமணப் பரிசு, நார்வேயில் காலின் ஆர்ச்சர் கட்டிய 'ஆஸ்கார்ட்' என்ற பாய்ப்படகு. 1914 ஜூலையில் அதில் கணவனும் மனைவியும், தோழி மேரி ஸ்ப்ரிங் ரைஸும், விடுப்பிலிருந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி கார்டன் ஷெப்பர்டும், டொனகலைச் சேர்ந்த இரண்டு மீனவர்களும் கிளம்பினார்கள். பார்ப்பவர்களுக்கு அது பணக்காரர்களின் உல்லாசப் பயணம். பெல்ஜியக் கரைக்கு அப்பால், நடுக்கடலில், ஹாம்பர்கிலிருந்து வந்த இழுவைப் படகிலிருந்து 900 மௌசர் துப்பாக்கிகளை ஏற்றிக்கொண்டார்கள். அவை 1871-ஆம் வருஷ மாடல், பழசு. துப்பாக்கிகளின் மேலேயே உட்கார்ந்து சாப்பிட்டு, மேலேயே தூங்கினார்கள். மேரி நாட்குறிப்பு எழுதினார். சில்டர்ஸ் படித்தவர்கள் இதையும் படிக்க வேண்டும். ஆயுதக் கடத்தலுக்கு நடுவே கடல் குமட்டலையும் சாப்பாட்டையும் பற்றி அலட்டிக்கொள்ளாமல் எழுத அந்தப் பெண்ணால் முடிந்திருக்கிறது. ஜூலை 26 அன்று, டப்ளினை அடுத்த ஹௌத் துறைமுகத்தில், பட்டப்பகலில் சரக்கு இறங்கியது. அன்று மாலை டப்ளினின் பேச்சிலர்ஸ் வாக்கில் கூட்டத்தின்மேல் சிப்பாய்கள் சுட்டார்கள். நாலு பேர் செத்தார்கள்.

ஒன்பது நாளில் பிரிட்டன் யுத்தத்தில் இறங்கியது. துப்பாக்கி கடத்தின அதே மனிதர் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்தார். சேர்த்துக்கொள்ளக் காரணம் அவருடைய விடுமுறைகள்தான்; ஜெர்மானியக் கரையை அவரளவு அறிந்தவர் அபூர்வம். 1914 கிறிஸ்துமஸ் அன்று குக்ஸ்ஹாவன் தாக்குதலில் கடல்விமானத்தில் பறந்து, கழி விட்டுப் பார்த்த மணலை மேலிருந்து பார்த்தார். இதை முரண்பாடு என்று சொல்லிவிடுவது சுலபம். சில்டர்ஸ் எந்தப் பக்கத்திலும் பாசாங்கு செய்யவில்லை என்பதுதான் என் கட்சி.

பிறகு நடந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். 1921 ஒப்பந்தப் பேச்சுவார்த்தையில் ஐரிஷ் தரப்புச் செயலாளர், ஒப்பந்தத்தை எதிர்த்தார், உள்நாட்டுப் போரில் சிறு கைத்துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1922 நவம்பர் 24 அன்று டப்ளினில், புதிய ஐரிஷ் அரசின் சிப்பாய்களால் சுடப்பட்டார். சுடவந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் கை குலுக்கினார். தொள்ளாயிரம் துப்பாக்கி கொண்டுவந்தவரைக் கொன்றது ஒரு துப்பாக்கி வைத்திருந்த குற்றம். மகன் 1973-ல் அயர்லாந்தின் ஜனாதிபதியானார்.

'ஆஸ்கார்ட்' இப்போது டப்ளின் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது, தண்ணீரில்லாத ஒரு கூடத்தில்.