நோக்கம் மட்டும் போதுமா? கிரெயிஞ்சர் வழக்கின் மறுவாசிப்பு

நீதிமன்ற நடைமுறையைத் தவறாகப் பயன்படுத்தியதற்கு இழப்பீடு கோருபவர், எதிராளியின் உள்நோக்கத்தையும் தனக்கு நேர்ந்த சேதத்தையும் காட்டினாலே போதும் என்று மலேசியத் தீங்கியல் எழுத்துகளில் ஒரு சாரார் நெடுநாளாகச் சொல்லி வருகின்றனர். 1998-இல் மலேசியா பில்டிங் சொசைட்டி எதிர் உங்கு நசாருடின் மேல்முறையீட்டில் நீதிபதி கோபால் ஸ்ரீ ராம் வகுத்த மூன்று கூறுகளே அவர்களுக்கு ஆதாரம்: நடைமுறை தொடங்கப்பட்டிருக்க வேண்டும், அது தரக்கூடிய நிவாரணத்தை அன்றி வேறொன்றை நாடியிருக்க வேண்டும், அதனால் சேதம் விளைந்திருக்க வேண்டும். இக்கூறுகளோடு எனக்குப் பிணக்கில்லை. இரண்டாவதை வெறும் மனநிலையாகச் சுருக்குவதோடுதான் பிணக்கு.

இத்தீங்கின் மூலமான கிரெயிஞ்சர் எதிர் ஹில் (1838) வழக்கில் நடந்ததைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். 80 பவுன் கடனுக்குத் தம் கப்பலை அடமானம் வைத்தவர், தவணைக்குப் பல மாதங்கள் இருக்கையிலேயே கடன் கொடுத்தவர்களின் வழக்கைச் சந்திக்கிறார். அவர் நோயுற்றுப் படுக்கையில் கிடக்கும்போது ஷெரீப்பின் அதிகாரிகள் கைது ஆணையோடு வந்து, பிணை கொடு அல்லது கப்பலின் பதிவுச் சான்றைக் கொடு என்கிறார்கள். அவர் சான்றைக் கொடுத்துவிடுகிறார். அது இல்லாமல் கப்பல் ஓடவில்லை. வழக்கு முடிவுற்றதையோ நியாயமான காரணம் இல்லாததையோ வாதி நிறுவத் தேவையில்லை என்றார் தலைமை நீதிபதி டிண்டல். வழமையான வாசிப்பு இந்த விலக்கில் கண்ணை வைத்துவிட்டு, அந்தச் சான்றை மறந்துவிடுகிறது. கடன் வழக்கில் வென்றிருந்தாலும் நீதிமன்றம் கொடுத்திருக்க முடியாத பொருள் அது. அதைக் கைது ஆணையின் பலத்தால் பிடுங்கியதே குற்றம். நோக்கம் அந்தக் கோரிக்கையின் வழியாகத்தான் சட்டத்துக்குப் புலப்படுகிறது. பொருளாதாரத் தீங்குகளுள் மிரட்டலுக்கு இது நெருக்கமானது. ஆனால் மிரட்டலில் அச்சுறுத்தப்படும் செயலே சட்டவிரோதமாக இருக்க வேண்டும். இங்கோ வழக்குத் தொடுப்பது எவருக்கும் உள்ள உரிமை.

கோரிக்கையை வாய்விட்டுச் சொல்லாத தந்திரசாலி தப்பிவிடுவாரே என்பது கனமான ஆட்சேபம். சூழ்நிலைச் சான்றுகளிலிருந்து கோரிக்கையை ஊகிக்க இடமுண்டு என்பதே என் பதில். அது முழுமையானது என்று சொல்லமாட்டேன். வழக்குகள் பெருகும் என்ற அச்சம் அவ்வளவு பொருட்படுத்தத் தக்கதல்ல. ஜொகூர் கடற்பாலத்துக்கு அப்பால், 2018-இல் லீ தாட் வழக்கில் சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் இத்தீங்கையே ஏற்க மறுத்தது. ஜொகூரில் நிலை வேறு. 1956-ஆம் ஆண்டுச் சிவில் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, அவ்வாண்டு ஏப்ரல் 7 வரையிலான ஆங்கிலப் பொதுச் சட்டத்தை உள்ளே விடுகிறது. ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் பிறந்த, பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றத்தின் வில்லர்ஸ் எதிர் ஜாய்ஸ் (2016) தீர்ப்பு இங்கே வழிகாட்டலாம், கட்டுப்படுத்தாது. கிரெயிஞ்சர் அந்தத் தேதிக்கு வெகு முன்னரே நிலைபெற்றுவிட்டது. தவறாகவோ நியாயமான காரணமின்றியோ தனியார் கேவியட் போட்டவர் இழப்பீடு தரவேண்டும் என்று தேசிய நிலச் சட்டத்தின் 329-ஆம் பிரிவும் சொல்கிறது. அங்கே நோக்கம் கூறாக இல்லை. கேவியட் நிலத்தின் மேல் செலுத்தும் பிடியையே சட்டமன்றம் கவனித்தது.

எனவே ஜொகூர் பாருவில் ஒரு குத்தகையாளர், தீராத பில் தகராறில் நிறுவனக் கலைப்பு மனுவைத் தாக்கல் செய்து, பக்கத்து நிலத்தை மலிவாக எழுதிக் கொடுத்தால் வாபஸ் என்றால், அது கிரெயிஞ்சருக்குள் வரும். பழைய பகைக்காக மட்டும் மனு போட்டவர் வரமாட்டார். அவர்மேல் தீயநோக்குடன் வழக்குத் தொடுத்ததாகச் சொல்பவர், நியாயமான காரணமின்மையையும் சேர்த்தே நிறுவ வேண்டும். இழப்பீட்டு மனு எழுதும் வழக்கறிஞர், என்ன கேட்கப்பட்டது, யார் வழியாக, மனுவின் எந்தக் கட்டத்தில் என்பதைத் தனித்தனிப் பத்தியில் சொல்லியாக வேண்டும்.