தடுப்புக்காவலும் மொழியும்

விசாரணையின்றி ஒருவரைத் தடுப்புக்காவலில் வைக்கும் அரசு, அதற்கான காரணங்களை அவருக்குத் தெரிவித்தல் வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 22ஆம் உறுப்பு. 'தெரிவித்தல்' என்னும் வினையின் பொருள் 1962இல், ஹரிகிசன் எதிர் மகாராஷ்டிர அரசு வழக்கில், உச்ச நீதிமன்றத்தால் ஆராயப்பட்டது. ஆங்கிலம் அறியாத அவர் இந்தி மொழிபெயர்ப்பை வேண்டினார். காவல் அதிகாரி வாய்மொழியாக விளக்கியதே போதும் என்றது அரசு. நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. விளங்கும் மொழியில் எழுத்து வடிவில் பெற்றாலன்றி ஒருவர் மறுப்புரைக்க இயலாது எனக் கொண்டு அவரை விடுவித்தது.

இந்நெறி ஒப்புதல் வாக்குமூலத்தை முழுமையாக எட்டவில்லை. மகாராஷ்டிரத்தின் 1999ஆம் ஆண்டுத் திட்டமிட்ட குற்றத் தடுப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, காவல்துறை உயர் அதிகாரியிடம் அளிக்கப்படும் வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்கிறது. அவர் விசாரிக்கப்படும் மொழியில், அவர் சொன்னவாறே, அது பதியப்படல் வேண்டும் என்பது விதி. ஆனால் விசாரிக்கும் மொழியைத் தெரிவு செய்பவர் யார்? தாராவித் தமிழர் ஒருவர் மராத்தியிலோ இந்தியிலோ வினவப்படின், 'சொன்னவாறே' என்னும் காப்பு பொருளிழக்கிறது. அச்சுறுத்திப் பெற்ற சொல்லும் தாமே உரைத்த சொல்லும் பெயர்ப்பில் ஒரே நடையைப் பெறுகின்றன. தயக்கமும் மறுப்பும் மறைந்துவிடுகின்றன. எனவே, மூலமொழிப் பதிவைக் கோருதல் மொழிபெயர்ப்பாளரின் அறக்கடமையாகும்.