காலணியின் வரலாறு

முடியும் வாளும் வரலாற்றில் இடம்பெறுகின்றன. காலில் கிடக்கும் செருப்புக்கும் அங்கே இடம் உண்டோ என்று மாணவர்கள் வினவலாம். உண்டு. நாஞ்சில் நாட்டில் பிறந்தார்க்கு அவ்வரலாறு மறக்கவொண்ணாதது.

சங்க காலத்தார் செருப்பைத் தொடுதோல் என்றும் வழங்கினர். கல்லும் முள்ளும் நிறைந்த காட்டுவழியில் அது உயிர்க்காப்பு. ஆயினும், பழைய திருவிதாங்கூரில் அக்காப்பு எல்லார்க்கும் உரியதாக இருக்கவில்லை. நாடார் உள்ளிட்ட பல சமூகத்தார் செருப்பணிதல், குடைபிடித்தல், பொன்னணி பூணுதல் ஆகியன கூடா என்று விலக்கப்பட்டிருந்தனர். சாமுவேல் மேட்டீர் என்னும் பாதிரியார் 1871இல் வெளியிட்ட நூலில் இதனைக் குறித்துள்ளார். நெடுங்காலம் நடந்த தோள்சீலைப் போராட்டத்தின் பயனாக, மேலாடை அணியும் உரிமையை 1859 ஜூலை 26ஆம் நாள் வெளிவந்த அரச அறிவிப்பு சில வரம்புகளோடு வழங்கிற்று. தோளை மறைக்கும் உரிமையும் பாதத்தைக் காக்கும் உரிமையும் வெவ்வேறல்ல. மானம் என்னும் ஒரு வேரில் கிளைத்தவை.

இனி, பனிநாடுகளை நோக்குவோம். அங்கே காலணி இல்லையேல் வாழ்வே இல்லை. 1991இல் ஆல்ப்சு மலைப் பனியில் கண்டெடுக்கப்பட்ட மனிதன் ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முற்பட்டவன். அவன் தோற்காலணிக்குள் குளிர் தடுக்க உலர்ந்த புல் திணிக்கப்பட்டிருந்தது. 2003இல் அதே மலைத்தொடரில் கிடைத்த, பூர்ச்ச மரத்தாலான பனிமிதியடி அதனினும் பழமையானது. நம் உழவர் சேற்றில் பரம்புப் பலகைமேல் நிற்பதை நினைத்துப் பாருங்கள். வெறுங்கால் புதையும் சேற்றில், பலகைமேல் நிற்பவர் புதைவதில்லை. உடலின் பாரம் அகன்ற பரப்பில் பரவிவிடுகிறது. பனிமிதியடியின் தத்துவமும் இதுவே. ஆகவே நடப்பவரின் எடையோடு முதுகுச் சுமையின் எடையையும் கூட்டியே அதன் அளவைத் தேர்தல் வேண்டும்.

காலணித் தேர்வில் பிழைத்தோர் உயிரையே விலையாகத் தந்ததுண்டு. 1935இல் இத்தாலிய ஆல்ப்சில் மலையேறியோர் அறுவர் மாண்டனர். தக்க காலணி இன்மையும் அதற்கு ஒரு காரணமாகக் கருதப்பட்டது. அவர்களின் நண்பர் விட்டாலே பிரமானி, ஆழ்ந்த பள்ளங்கள் கொண்ட இரப்பர் அடித்தோலை 1937இல் உருவாக்கினார். இன்றைய மலைக்காலணிகள் பலவும் அதன் வழிவந்தவையே. 1950இல் அன்னபூர்ணா முடியை எட்டிய மோரிசு எர்சோக், கால்விரல்கள் அனைத்தையும் உறைபனிக்குப் பறிகொடுத்தார்.

நம் மகேந்திரகிரியில் பனி மூடுவதில்லை. அங்கே மழையும் வழுக்குப் பாறையும் அட்டையுமே இடர். அதற்குப் பனிமிதியடி வேண்டா. பிடிப்புள்ள அடியும் கணுக்காலைத் தாங்கும் உயரமும் போதும். இமயம் செல்வோர்க்கோ நீர் புகாத, வெம்மை காக்கும் காலணி வேண்டும். எதுவாயினும் மாலையில், கால் சற்றே வீங்கியிருக்கும் பொழுதில், கம்பளிக் காலுறையுடன் அணிந்து பார்த்து வாங்குக. இறுக்கமான காலணி இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். விரல்கள் அசைய இடம் இருத்தல் வேண்டும். புதியதை அணிந்து உடனே மலையேறாமல், ஊரிலேயே சில நாள் நடந்து பழகுக.

முன்னோர் பலருக்கு மறுக்கப்பட்டது இன்று கடையில் நம் விருப்பத்திற்குக் காத்திருக்கிறது. அதனைத் தேர்ந்தெடுக்கும்போது அழகை மட்டும் பார்ப்பது போதாது. அறிவும் துணைநிற்க வேண்டும். வெறுங்காலோடு நடக்க விதிக்கப்பட்டவர்களை ஒரு கணம் நினைத்துக்கொள்வதும் நம் கடமையே.