கல்லின் மேல் ஒரு நாடு

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் பேருந்தில் செல்பவர் கண்ணில் முதலில் படுவன தொழிற்சாலைகளே. 1970களில் சிப்காட் வந்ததற்குப் பின் எழுந்த ஊர் அது. சூளகிரியை நெருங்கும்போதுதான் இந்த நாட்டின் உண்மையான உரிமையாளர்கள் தென்படுகின்றன: பாறைகள்.

இவற்றின் வயது சற்றொப்ப இருநூற்றைம்பது கோடி ஆண்டுகள். கர்நாடகத்திலிருந்து தருமபுரி நோக்கித் தெற்கே நடந்தால், நிலவியலாளர் கணக்கில் நாம் பூமியின் உள்ளே இறங்கிக்கொண்டிருக்கிறோம். தக்காணத்தின் இப்பகுதி சாய்ந்து உயர்ந்து, மேற்பரப்பு தேய்ந்துபோனதால், தெற்கே செல்லச் செல்ல ஆழத்தில் வெந்த பாறைகள் வெளியே தெரிகின்றன. வரிப்பாறையான நைஸ் மெல்ல மெல்லக் கறுத்துச் சார்னோகைட்டாக மாறும் எல்லை கிருஷ்ணகிரியை ஒட்டியே அமைகிறது. (சார்னோகைட் என்ற பெயர் கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லிலிருந்து வந்தது. ஆங்கிலேயன் ஒருவனின் சமாதி நம் மலைகளுக்குப் பெயர் தந்தது வேடிக்கைதான்.)

இத்தகைய கல்லில் நீர் தங்குவதில்லை. வெடிப்புகளில் மட்டுமே தேங்கும். ஆகவே கிணறு என்பது இங்கே ஓர் ஊகம். மேலிருப்பது மெல்லிய செம்மண். கேழ்வரகும் சாமையும் கொள்ளும் இந்த மண்ணின் பயிர்களானதும், பிற்காலத்தில் மாந்தோப்புகள் பெருகியதும் இதனால்தான். 1792இல் திப்புவிடமிருந்து பாராமகால் கும்பெனியின் கைக்கு வந்தபோது, அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளரான தாமஸ் மன்றோவும் வயல் வயலாக அளந்து தீர்வை விதிக்க முயன்றனர். பின்னாளில் சென்னை மாகாணம் முழுவதும் பரவிய ரயத்துவாரி முறையின் முதல் சோதனைக்களம் இந்த வறண்ட கல்நாடு என்பதை நம் வரலாற்று நூல்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

கல்லோடு மனிதருக்கு இருந்த உறவு அதனினும் மிகப் பழையது. மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என 2022 மே மாதம் அறிவிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் சிவகளை அதனையும் விஞ்சிவிட்டது. ஆயினும் இம்மலைகளின் பழமை குறைந்துவிடவில்லை. மல்லச்சந்திரத்துக் குன்றின் மேல் பலகைக் கற்களை நிறுத்தி, மூடுகல் ஏற்றி, ஒரு பக்கம் வட்டமாகத் துளையிட்ட ஈமச்சின்னங்கள் நிற்கின்றன. இத்தகையவற்றை மக்கள் பாண்டவர் வீடு என்பார்கள். அவ்வளவு சீரான பலகைகளை எவ்வாறு பெயர்த்தார்கள்?

விடையின் ஒரு பகுதி அண்மைக்காலம்வரை கண்ணெதிரே இருந்தது. பாறையின் மேல் விறகிட்டு எரித்து, தீயை மெதுவாக நகர்த்திச் சென்றால், மேலடுக்கு அப்பளம்போல் பிரியும். சுத்தியலால் தட்டி, எழும் ஓசையைக் கொண்டே பிளவு எதுவரை போயிற்று என்று அறிவார்கள். பெங்களூர்ச் சுற்றுவட்டாரத்தில் நடந்த இவ்வேலையை வியந்து 1895இல் வார்த் என்பவர் நேச்சர் இதழில் எழுதினார். அந்தக் காதுக்குப் பட்டமில்லை. போயர் முதலிய கல்தொழில் குடிகளிடம் தலைமுறையாக இருந்தது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசும் இவ்வூர்களில் வேலிக்காலும் வீட்டுச் சுவரும் அந்தப் பலகைக் கல்தான்.

இப்போது கல் பலகையாக அல்ல, பாளமாகப் போகிறது. கிருஷ்ணகிரிப் பகுதியின் ஊதா கலந்த அலைவரிக் கல்லுக்கு உலகச் சந்தையில் பாரடைசோ என்று பெயர். இத்தாலிய மொழியில் சொர்க்கம். அந்த அலைகள், பாறை பாதி உருகிக் குழைந்தபோது உறைந்தவை. வைர வடமும் இயந்திரமும் வந்தபின் தட்டிக் கேட்கும் காது தேவைப்படவில்லை. குன்று போனால் அதன் சரிவில் வடிந்து ஏரியை நிறைத்த நீரும் வழி மாறும். ஈமச்சின்னமும் அயல்நாட்டுச் சமையல் மேடையும் ஒரே கல் என்பதால், எந்தக் குன்று எதற்கு என்பதை யாரோ முடிவு செய்தாக வேண்டும். அம்முடிவு எடுக்கப்படும் இடத்தில், கீழே உழுபவர் பெரும்பாலும் இருப்பதில்லை.